பழம் பறித்த கையின் வாசனை

ஞாயிற்றுக்கிழமை காலை, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாச்சுளை பிரித்துக்கொண்டிருந்தபோது அருளின் அழைப்பு வந்தது. அருள், எஸ்தரின் கணவர். அது அவர்கள் சர்ச்சுக்குப் போகிற நேரம். என்னைக் கூப்பிட அவருக்கு ஒரு காரியமும் இருக்க முடியாது. பிசுபிசுத்த விரலாலேயே ஸ்பீக்கரை அழுத்தினேன். "எஸ்தர் போய்ட்டா சிஸ்டர். எழுப்புனேன், எந்திரிக்கல" என்றார். தூக்கத்திலேயே மாரடைப்பு. ஆஸ்பத்திரி இல்லை, ஊசி இல்லை, ஒருவரையும் அலைய வைக்கவில்லை.

எனக்கு முதலில் அழுகை வரவில்லை. இதிலும் முந்திக்கொண்டாளே என்றுதான் தோன்றியது.

இதைப் படிக்கப்போகிற நீங்கள் எல்லோரும் எங்கள் இருவரோடும் ருசி அறையில் உட்கார்ந்தவர்கள். எஸ்தரைத் தெரிந்த அளவுக்கு இந்த வேதவல்லியையும் தெரியும். அதனால் பூசி மெழுகி ஒன்றும் ஆகப்போவதில்லை. பக்கத்து நாற்காலியில் அவள் இருந்த காலமெல்லாம் நான் அவள்மேல் பொறாமைப்பட்டேன். இரங்கல் கூட்டத்தில் மைக்கை என்னிடம் நீட்டினீர்கள். தொண்டை கட்டியிருக்கிறது என்று நழுவினேன். தொண்டைக்கு ஒரு கேடும் இல்லை. ஆளாளுக்கு எழுந்து அவள் மூக்கைப் புகழ்ந்து பேசியதில் எனக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். இதோ.

வெளியாள் யார் கையிலாவது இது கிடைத்தால் புரிய வேண்டுமே என்பதற்காக ஒரு வார்த்தை. மறைமலைநகரில் எங்கள் கம்பெனி செய்வது வாசனைச் சாறு. மாம்பழத்தின் நிழல்கூடப் படாத பிஸ்கட்டில் மாம்பழம் மணக்கிறதே, அந்த வேலை. தயாரிப்பது ஆய்வகத்துக்காரர்கள். சரியாக வந்திருக்கிறதா என்று முகர்ந்தும் ருசித்தும் சொல்வது எங்கள் அறை. பவுடர் கூடாது, சென்ட் கூடாது, உள்ளே வருவதற்கு முன் காபி கூடாது, தலையில் பூ கூடாது. ஒரு சாம்பிளுக்கும் அடுத்ததற்கும் நடுவில் வெதுவெதுப்பான தண்ணீரும் உப்பில்லாத பொரியும். சுமங்கலி இப்படிப் பூ வைக்காத வெறுந்தலையாக வேலைக்குப் போகிறாளே என்று என் சொந்தக்காரர்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார்கள்.

நான் அந்த வேலைக்கு வந்தபோது எனக்கு இருந்த கர்வத்தை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. என் அப்பா கோயில் மடப்பள்ளியில் இருந்தவர். சிங்கப்பெருமாள் கோயில் சன்னதித் தெருவில் நின்றபடியே இன்றைக்குப் புளியோதரையா, ததியோதனமா, நெய் கொஞ்சம் தூக்கலா என்று சொல்லிவிடுவேன். மூக்கு என்பது எங்கள் வீட்டுச் சொத்து என்று நினைத்திருந்தேன். அதே வாரம் செங்கல்பட்டிலிருந்து இன்னொருத்தி வந்து சேர்ந்தாள். மின்வாரிய லைன்மேன் மகள், என்னைப் போலவே வேதியியல் எம்.எஸ்சி., என் வயதே. அவள்தான் எஸ்தர்.

வந்த சில மாதத்திலேயே ஒரு சம்பவம். மாம்பழ மிட்டாய் செய்கிற ஒரு வாடிக்கையாளர் வண்டி நிறையச் சரக்கைத் திருப்பி அனுப்பிவிட்டார். மணத்தில் ஏதோ கோளாறு, என்ன என்று சொல்லத் தெரியவில்லை என்றார். நாங்கள் எல்லோரும் மிட்டாயை முகர்ந்தோம். பழம் கொஞ்சம் கனிந்துவிட்டது என்று நான் சொன்னேன், எல்லோரும் தலையாட்டினார்கள். எஸ்தர் மட்டும் மிட்டாயை வைத்துவிட்டு அட்டைப் பெட்டிக்குள் தலையை விட்டாள். "மிட்டாய் நல்லாத்தான் கீது. இது பொட்டி ஒட்டுன பசை" என்றாள். பசையேதான். கம்பெனி முழுக்க அன்று அவள் பேச்சு.

சாயங்காலம் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "இன்னாடி வேதா, மூஞ்சிய தூக்கி வெச்சிக்கினு கீற? நீ சொன்னது தப்பில்ல. மாம்பழம்னு நிறுத்திக்கினியே, அதான். மாம்பழத்துல எங்கன்னு கேட்டுக்கணும். காம்பா, தோலா, கொட்ட ஒட்டுன சதையா? அப்டி கேட்டுக்கினே போனா, மாம்பழத்துல இல்லாதது தானா வெளிய வந்துடும்."

அந்த 'எங்க?' பிறகு நம் அறையின் சட்டமே ஆகிவிட்டது. புதிதாக வந்தவர்களும் வாழைப்பழம் என்று யாராவது சொன்னால் "வாழைப்பழத்துல எங்க?" என்று கேட்பார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று இருக்கும். அவ்வளவு எளிய கேள்வி. எனக்குத் தோன்றியிருக்கக் கூடாதா? அன்றிலிருந்து எனக்கு ஒரே ஓர் ஆசைதான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எஸ்தருக்கு முன்னால் ஒன்றை நான் சரியாகச் சொல்லிவிட வேண்டும். கம்பெனி முழுக்க அன்று என் பேச்சாக இருக்க வேண்டும்.

உலகத்தையே படுக்க வைத்த அந்தக் காய்ச்சல் எங்கள் இருவருக்கும் வந்தது. எனக்கு வாசனை போய்விட்டது. பச்சைக் கற்பூரத்தை மூக்கில் தேய்த்துக்கொண்டு அழுதிருக்கிறேன். வேலை போய்விடுமே என்று. திரும்பி வர மாதக்கணக்கில் ஆனது. எஸ்தரைப் போனில் கேட்டேன். "எனக்கும்தான் போச்சு. பத்தே நாள்ல வந்துடுச்சுடி" என்றாள். காய்ச்சலில் கூட அவள்தான் முதல் மார்க். நான் விடுப்பு முடிந்து வருவதற்குள் அவளை அறைத் தலைவி ஆக்கிவிட்டார்கள். தலைவி மதிப்பெண் போட வேண்டியதில்லை. மற்றவர்களைக் கேட்டு, கடைசியில் இதுதான் ருசி என்று ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அந்த நாற்காலி எனக்கு வரும் என்று என் வீட்டில் சொல்லி வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு அவள் மாறினாள். முன்பெல்லாம் தானும் முகர்ந்து, சண்டை போட்டு, பிறகுதான் முடிவு சொல்வாள். தலைவி ஆனதும் கேள்வி மட்டும்தான். அதுவும் என்னிடம்தான் அதிகம். மற்றவர்களிடம் ஒரு கேள்வி என்றால் என்னிடம் நாலு. வாய்மொழித் தேர்வுக்கு வந்த மாணவியைப் போல என்னை நிற்க வைக்கிறாளே என்று எரிச்சலாக இருக்கும். ஒரு நாள் மேல்மாடிப் பெண் ஒருத்தி தலை நிறைய மல்லிகையோடு கதவைத் திறந்துகொண்டு வந்தாள். எஸ்தர் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான்தான் கத்தி அனுப்பினேன். பதவி வந்ததும் நல்ல பிள்ளை வேஷம் போடுகிறாள், பொல்லாதவள் பட்டம் நமக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருடம் பீர் வந்தது.

புதுச்சேரியில் பீர் தயாரிக்கிற ஒருவர், முறையான அனுமதியோடு ஐஸ் பெட்டியில் சில டின்களை அனுப்பியிருந்தார். இந்தியா பேல் ஏல் என்று பெயர். பெயரில் இந்தியா இருக்கிறதே தவிர நம் ஊர்க் கடையில் கிடைக்காது. அதிலேயே ஹேசி என்று ஒரு வகை. கலங்கலாக இருக்கும், பழம் மணக்கும், பழம் ஒன்றும் போடுவதில்லை. ஹாப்ஸ் என்கிற பூதான் அந்த மணத்தைக் கொடுக்கிறதாம். இதே ருசியில் போதை இல்லாத ஒரு பானம் செய்து நம் பக்கத்துக் கடைகளில் விற்க வேண்டும், அதற்கு வாசனைச் சாறு வேண்டும் என்பது அவர் கோரிக்கை.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு விதி உண்டு. கலங்கின பழச்சாறு எது வந்தாலும் வடிகட்டித்தான் ருசி அறைக்கு அனுப்புவார்கள். சக்கை நாக்கை ஏமாற்றிவிடும் என்று. கடமை தவறாதவர்கள், பீரையும் தாளில் ஊற்றிப் பொறுமையாகச் சொட்டுச் சொட்டாக வடித்துப் பளபளவென்று அனுப்பிவிட்டார்கள். நாங்களும் ருசித்தோம். காஸும் இல்லை, பழமும் இல்லை. பழ வாசனை ஏதும் இல்லை என்று எழுதி அனுப்பினோம். அந்த மனிதர் போனில் ஏறக்குறைய அழுதார். "மேடம், அத கலங்க வைக்கத்தான் நான் இத்தனை வருஷம் கஷ்டப்பட்டேன். அதப் போயி வடிகட்டிட்டீங்களா?"

ஒரு டின் மிச்சம் இருந்தது. உடைத்துக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றினார்கள். "ஐயே, கலங்கலா இருக்கே. கெட்டுப்போச்சோ?" என்றேன் நான். எஸ்தர் சிரித்தாள். "எங்க ஏரி நெரம்பி கலங்கல்ல போவும் பாரு, அந்தத் தண்ணி தெளிவாவா இருக்கும்? கெண்டை துள்றது அதுலதான். அத்த வடிகட்டிட்டு இன்னாத்த குடிக்கப் போற?" எங்கள் பக்கத்தில் ஏரி நிரம்பி வழிகிற இடத்துக்கே கலங்கல் என்றுதான் பெயர். போனில் கேட்டுக்கொண்டிருந்த புதுச்சேரிக்காரர், "அதான் பேரு! கலங்கல்! அதையே லேபிள்ல போடறேன்" என்று குதித்தார். சொல் என்னுடையது. நான் அதைக் குறையாகச் சொன்னேன். அவள் அதில் ஒரு மீனைத் துள்ள விட்டாள். பெயர் வைத்த புகழ் யாருக்குப் போயிருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

இது டின்னில் பார்க்கிற சரக்கு இல்லை, குழாயில் பிடித்த உடனே பார்க்க வேண்டும் என்று எங்கள் இருவரையும் புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். கம்பெனிக் கார், டிரைவர் முனுசாமி. வீட்டில் ஆபீஸ் வேலையாகப் புதுச்சேரி என்று மட்டும் சொல்லியிருந்தேன். மடப்பள்ளிக்காரர் மகள் பகல் நேரத்தில் பருத்திப் புடவை கட்டிக்கொண்டு பீர் குடிக்கப் போகிறாள் என்றால் யார் நம்புவார்கள்? எஸ்தர் தன் வீட்டில் பட்டவர்த்தனமாகச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். அந்தத் தைரியத்தின் மேலும் எனக்குப் பொறாமைதான்.

கண்ணாடித் தம்ளர் வந்தது. மாம்பழச் சாற்றில் பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டது போல ஒரு நிறம். பின்னால் பிடித்திருந்த எஸ்தரின் விரல்கூடத் தெரியவில்லை. மேலே கெட்டியான வெள்ளை நுரை.

"நீ மொதல்ல" என்றாள்.

முகர்ந்தேன். "மாம்பழம்."

"மாம்பழத்துல எங்க?"

"சதை இல்ல. காம்பு கிள்ளினா பால் வடியுமே, அங்க."

"அப்புறம்?"

"கொய்யா."

"கொய்யால எங்க? வெதை பக்கமா?"

"தோல். செங்காய்."

"புளிப்புப் பழம் எதுனா கீதா?"

"ஆரஞ்சு. தோலை மடிச்சா கண்ணுல தெறிக்குமே, அது."

"எலை? இன்னா எலை?"

இலை இருப்பதாக நான் சொல்லவே இல்லை. திரும்ப முகர்ந்தேன். இருந்தது. "நாரத்தை இலை. கையில கசக்கினது."

அதற்குப் பிறகுதான் அவள் ஒரு வாய் எடுத்தாள். வாய்க்குள் உருட்டினாள். "மெத்துனு கீது, ஓட்ஸ் கஞ்சி கணக்கா. கசப்பு ஒடனே வர்ல. உள்ள எறங்கி, தொண்டைல குந்திக்கினு மெதுவா பேசுது" என்றாள். பிறகு அந்தப் புதுச்சேரிக்காரரைப் பார்த்துச் சொன்னாள்.

"இது பழத்தோட வாசனை இல்ல சார். பழம் பறிச்ச கையோட வாசனை."

அவர் தன் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தன் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தார். நானும் பார்த்தேன். காம்புப் பால், தோல், எண்ணெய், இலை எல்லாம் ஒரு கைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டன. ஆய்வகத்துக்காரர்களுக்கு அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. தித்திப்பைக் குறைத்து, பச்சையைக் கூட்டி, சாற்றைப் பிடித்துவிட்டார்கள். பால் நான் சொன்னது, தோல் நான் சொன்னது, இலை நான் சொன்னது. கை மட்டும் அவளுடையது. ஊர் பேசியதெல்லாம் அந்தக் கையைத்தான்.

திரும்பி வரும்போது கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் பக்கம் வண்டியை நிறுத்தச் சொன்னாள். முனுசாமி கண்ணாடியில் எங்களைப் பார்த்துக்கொண்டே வந்தான். "மேடம், எனக்கு பேஜாரா கீது. ரெண்டு பேரும் குட்ச்சிட்டு வர்றீங்கோ, எனக்கு ஒரு டீ கூட இல்ல" என்றான். அவனை டீக்கு அனுப்பிவிட்டு மணலில் உட்கார்ந்தோம். பக்கத்தில் வலை விரித்துக் கருவாடு காயப் போட்டிருந்தார்கள். முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டேன். எஸ்தர் கருவாட்டுப் பக்கமே சாய்ந்து உட்கார்ந்து சுண்டல் தின்றாள். "காத்து நல்லா கீதுல்ல?" என்றாள். இதிலும் என்னைவிடப் பெரிய மனுஷி என்று காட்டிக்கொள்கிறாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எல்லாத்தையும் என் வாயிலேர்ந்து பிடுங்கிண்டு, நீ ஒண்ணைச் சொல்லி பேர் வாங்கிண்டு போறே" என்று அன்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். குடித்தது கொஞ்சம் பேச வைத்திருக்கும். அவள் கோபப்படவில்லை. சுண்டல் பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தினாள். "ஆமாடி" என்றாள். அவ்வளவுதான். அந்த ஆமாடியைக் கேட்டு எனக்கு இன்னும் கோபம் வந்தது.

செங்கல்பட்டில் அவளைப் பெட்டிக்குள் பார்த்தபோது தலைமாட்டிலும் கால்மாட்டிலும் மல்லிகைச் சரம். வேலை நாளில் ஒரு பூ வைத்து நான் பார்த்திராத தலையில் யாரோ முழம் முழமாகச் சுற்றியிருந்தார்கள். அந்த மணம் எனக்குத் தாங்கவில்லை. அவளுக்கும் தாங்காதே என்று நினைத்தேன்.

ஒரு வாரம் கழித்து அவர்கள் வீட்டில் ஜெபக் கூட்டம். எல்லோரும் போன பிறகு அருள் டீ போடுகிறேன் என்று சமையலறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். பாலை அடுப்பில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே காவல்காரர் மாதிரி நின்றார். உட்காருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"பழக்கமாய்டுச்சு சிஸ்டர். அவ வெச்சா மறந்துடுவா. அடி புடிச்சு வூடே நாறுனாலும் அவளுக்குத் தெரியாதே."

"ஏன் தெரியாது?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "அந்தக் காய்ச்சல்ல போன வாசனை அவளுக்குத் திரும்பி வரவே இல்லையே. உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சிக்கினு கீறேன்."

"பத்தே நாள்ல வந்துடுத்துன்னு என்கிட்ட சொன்னாளே" என்றேன்.

"நாக்குல உப்பு, காரம், கசப்பு தெரியும். வாசனை சுத்தமா கெடையாது. மூக்கு போச்சுன்னு தெரிஞ்சா வேலைல வெச்சிக்குவாங்களா? நான் கூட வுட்டுடுன்னேன். கேக்கல. 'என் மூக்கு வேதாகிட்ட கீது. அவ பத்திரமா பாத்துக்குவா'ன்னு சொல்லுவா. நீங்க ரெண்டு பேரும் பேசி வெச்சிக்கினு பண்றீங்கன்னு நெனச்சேன்."

பால் பொங்கி வழிந்தது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம்.

இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க சிஸ்டர். அவளே சிரிப்பா" என்றார். நிர்வாகம் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும். இனி அவளை வேலையை விட்டு யாரும் நீக்க முடியாது.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம், உண்மையைச் சொன்னால், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்படியென்றால் காய்ச்சலுக்குப் பிறகு இத்தனை வருடம் நீங்கள் கொண்டாடியது என் மூக்கை. நான் வயிறெரிந்தது என் மூக்கைப் பார்த்து. தேர்வு வைக்கிறாள் என்று நான் நினைத்த கேள்வியெல்லாம், தெரியாதவள் தெரிந்தவளிடம் வழி கேட்டது. ஒரே ஒரு தடவையாவது முந்த வேண்டும் என்று ஏங்கினேனே, தினமும் முந்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

சந்தோஷம் வீட்டு வாசல் வரைதான் வந்தது. செருப்பைக் கழற்றும்போது அந்தக் கை ஞாபகம் வந்துவிட்டது. அன்று எனக்கு மூக்கு நிறைய வாசனை வந்தது. நான் சொன்னது காம்பும் தோலும் இலையும். ஒரு வாசனையும் வராத தம்ளரை முன்னால் வைத்துக்கொண்டு, என் துண்டு துண்டான பேச்சைக் காதில் வாங்கி, அந்தக் கையை அவள் எங்கிருந்து எடுத்தாள்? எனக்கு இன்றுவரை புரியவில்லை. மூக்கு இருந்தவள்மேல் பட்டதைவிட மூக்கு இல்லாதவள்மேல் எனக்கு இப்போது அதிகப் பொறாமை.

அதற்கும் மேல் ஒன்று இருக்கிறது. நான் ஒரு நாள், ஒரே ஒரு நாள் வேண்டுமென்றே மாற்றிச் சொல்லியிருந்தால் அவள் தொலைந்திருப்பாள். என் மனசு எப்படிப்பட்டது என்று அவளைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. தெரிந்தும் தன் பிழைப்பை என் மூக்கில் வைத்துவிட்டு நிம்மதியாகச் சுண்டல் தின்றாள். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் என்னை நம்பியிருக்க மாட்டேன். அப்படி ஒருவரை நம்புவதற்கு ஒரு மனசு வேண்டும். அதுவும் அவளுக்குத்தான் வாய்த்திருக்கிறது.

இப்போது அவளுடைய நாற்காலியை எனக்குக் கொடுத்திருக்கிறீர்கள். போன வாரம் கலங்கலின் புதுச் சரக்கு மேசைக்கு வந்தது. முகர்ந்தேன். காம்புப் பால் இருந்தது, கொய்யாத் தோல் இருந்தது, நாரத்தை இலை இருந்தது. எல்லாவற்றையும் அடுக்கிச் சொன்னேன். நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். பிறகு எல்லோரும் பேனாவை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தீர்கள். நான் பக்கத்து நாற்காலியைப் பார்த்தேன்.

அவளுடையது என்று என்னிடம் இருப்பது என் மூக்கு ஒன்றுதான். அது பத்திரமாகத்தான் இருக்கிறது, எஸ்தர். எங்கே என்று கேட்கத்தான் ஆள் இல்லை.